கடைசி ஸ்பேஸை நீக்கப் போய் 34 நிமிடம் முடங்கிய தளம்: 'ஸ்ட்ரிங்'கின் வாலை நறுக்குவதில் அப்படி என்ன சிக்கல்?

2016 ஜூலை 20. இந்திய நேரப்படி இரவு 8.14 மணி. உலகம் முழுக்க புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளம் திடீரெனத் திறக்கவில்லை. கோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் ரீஃப்ரெஷ் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். ம்ஹும்.

ஹேக்கர்கள் யாரும் உள்ளே நுழையவில்லை. டேட்டா சென்டரில் கரன்ட் போகவில்லை. ஒரு பதிவில் ஒருவர் தெரியாமல் விட்டுவைத்த வெற்று இடங்களும், அப்படிப்பட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்காகவே எழுதப்பட்ட ஒரே ஒரு வரி கோடும் சேர்ந்து தளத்தைப் படுக்க வைத்துவிட்டன. மீண்டும் எழுந்து வர 34 நிமிடங்கள் ஆனது.

ஒரு சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையில்லாத எழுத்தை எடுப்பது, புரோகிராமிங் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் பல வருட அனுபவம் உள்ளவர்களும் சறுக்கும் இடம் இது. தமிழில் எழுதப்பட்ட தரவு என்றால் சறுக்கல் இன்னும் சுலபம்.

கண்ணுக்குத் தெரியாத வால்

எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைப்பதுதான் ஸ்ட்ரிங். தமிழில் 'சரம்' என்று அழகாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர், ஊர், மின்னஞ்சல் முகவரி, கூப்பன் கோடு எல்லாமே கணினிக்கு ஒரு சரம்தான். அதன் கடைசியில் ஸ்பேஸோ, கமாவோ, வரி முடிந்ததைச் சொல்லும் குறியோ மிச்சமாக நிற்கும்போது, மனிதக் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கணினி தாண்டாது. அதற்கு 'மதுரை' வேறு, ஒரு ஸ்பேஸோடு முடியும் 'மதுரை' வேறு.

தினமும் நடப்பதுதான். மொபைலில் ஒரு ஆப்பில் லாக்-இன் செய்கிறீர்கள். மின்னஞ்சல் முகவரியை முழுசாக டைப் செய்யாமல், கீபோர்டு காட்டும் பரிந்துரையைத் தொடுகிறீர்கள். சொல்லை நிரப்பிய கையோடு கீபோர்டு ஒரு ஸ்பேஸையும் போட்டுவிடும்; அடுத்த சொல் வரப்போகிறது என்று அதற்கு ஒரு நினைப்பு. ஆப் அந்த ஸ்பேஸையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொண்டு, "இப்படி ஒரு கணக்கே இல்லை" என்று சொல்கிறது. முகவரியை நாலு முறை சரிபார்த்தாலும் தப்பு கண்ணில் படாது.

ஆபீஸில் எக்ஸெல் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். இரண்டு ஷீட்டிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் வி-லுக்அப் போட்டால் 'கிடைக்கவில்லை' என்கிறது. ஒரு ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் இருந்தால் இப்படித்தான் ஆகும். சரி, 'ட்ரிம்' ஃபார்முலா போட்டால் போய்விடுமே? சில சமயம் அதற்கும் அசையாது. அதற்குக் காரணம், எல்லா ஸ்பேஸும் ஒரே ஸ்பேஸ் இல்லை.

வெப் பக்கங்களில் இரண்டு சொற்கள் வரி மாறிப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக 'நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்' என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். பார்க்க சாதாரண ஸ்பேஸ் மாதிரியே இருக்கும். ஆனால் சாதாரண ஸ்பேஸின் எண் 32, இதன் எண் 160. எக்ஸெலின் ட்ரிம் முதலாவதை மட்டும்தான் நீக்கும். வெப் பக்கத்திலிருந்து அட்டவணையை காப்பி செய்து ஒட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதலில் 'சப்ஸ்டிட்யூட்' ஃபார்முலாவால் 160-ஐ 32 ஆக மாற்றிவிட்டு, பிறகு ட்ரிம் செய்ய வேண்டும்.

புரோகிராமிங் மொழிகளும் இதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பைத்தானின் 'ஸ்ட்ரிப்' இந்த 160-ஐயும் சேர்த்துத் துடைத்துவிடும். ஜாவாவின் பழைய 'ட்ரிம்', எண் 32 வரை உள்ளவற்றை மட்டும் நீக்கும். 2018-ல் வந்த ஜாவா 11-ல் யூனிகோடை மனதில் வைத்து 'ஸ்ட்ரிப்' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவும் 160-ஐத் தொடாது. பைத்தானில் சுத்தமான பெயர் ஜாவாவுக்கு வரும்போதும் சுத்தமாகவே இருக்கும் என்று நம்பி, எதையும் சோதிக்காமல் விடுவது ஆபத்து.

டேட்டாபேஸ் பக்கம் இன்னொரு விசித்திரம். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு சரங்கள் சமமா என்று கேட்டால், கடைசி ஸ்பேஸைக் கண்டுகொள்ளாமல் 'சமம்' என்று சொல்லிவிடும். அதே இரண்டு சரங்களை வெளியே எடுத்து ஜாவாவில் ஒப்பிட்டால் 'வேறு வேறு'. டேட்டாபேஸ் ஒரே ஆள் என்கிறது, ஆப் இரண்டு பேர் என்கிறது. பக் தேடுபவர் பாடு திண்டாட்டம்.

டைப்ரைட்டர் விட்டுப்போன மிச்சம்

ஸ்பேஸுக்கு அடுத்தபடியாக அதிகம் தொல்லை கொடுக்கும் வால், வரி முடிவுக் குறி. இது டெலிபிரின்டர் காலத்துச் சமாச்சாரம். அந்த இயந்திரத்தில் புது வரி ஆரம்பிக்க இரண்டு வேலை நடக்க வேண்டும்: அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், காகிதம் ஒரு வரி மேலே நகர வேண்டும். அதனால் 'கேரேஜ் ரிட்டர்ன்', 'லைன் ஃபீட்' என்று இரண்டு தனித்தனி குறிகள். இயந்திரங்கள் மியூசியத்துக்குப் போய்விட்டன. ஆனால் விண்டோஸ் இன்றைக்கும் வரி முடிவில் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுகிறது. லினக்ஸ் இரண்டாவதை மட்டும் எழுதுகிறது.

விண்டோஸில் தயாரித்த ஊர்ப்பட்டியலை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் ஒவ்வொரு ஊர்ப்பெயரின் கடைசியிலும் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒளிந்திருக்கும். கடைசி எழுத்து எப்போதும் வரி முடிவுக் குறிதான் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் வெட்டினால் மற்றொன்று தங்கிவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதன் எதிர்ப்பக்கமும் உண்டு. சி மொழி படிக்கும் மாணவர்களுக்கு 'எஃப்-கெட்ஸ்' நினைவிருக்கலாம். பயனர் டைப் செய்ததோடு என்டர் கீயையும் சேர்த்தே அது உள்ளே கொண்டுவரும். உடனே பலரும், கடைசி எழுத்தைத் தூக்கிவிடு என்று ஒரு வரி எழுதுவார்கள். பயனர் டைப் செய்தது ஒதுக்கிய இடத்தைவிட நீளமாக இருந்தால், கடைசியில் நிற்பது என்டர் இல்லை, உண்மையான எழுத்து. அது போய்விடும். ஃபைலின் கடைசி வரி என்டர் இல்லாமல் முடிந்திருந்தாலும் இதே கதிதான்.

பெர்ல் மொழி இதை வைத்தே இரண்டு கட்டளைகளை வைத்திருக்கிறது. 'சாப்' கடைசியில் என்ன இருந்தாலும் வெட்டும். 'சாம்ப்' வரி முடிவுக் குறி இருந்தால் மட்டும் வெட்டும். பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் சரத்தின் மீது இரண்டாவது முறை ஓடினாலும் சாம்ப் எதையும் கெடுக்காது. சாப் ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்தைத் தின்றுகொண்டே போகும்.

34 நிமிடங்களில் நடந்தது என்ன?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ விஷயத்துக்கு வருவோம். அங்கே நடந்ததை அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே பின்னர் ஒளிவுமறைவு இல்லாமல் வெளியிட்டார்கள்.

வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் ஸ்பேஸ்களை நீக்க அவர்கள் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' பயன்படுத்தியிருந்தார்கள். 'இப்படி ஒரு அமைப்பு எங்கே வந்தாலும் கண்டுபிடி' என்று கணினிக்குச் சொல்லும் சுருக்கெழுத்து மாதிரியான ஒரு மொழி அது. சுருக்கமாக ரெஜெக்ஸ். "ஸ்பேஸ்கள் தொடர்ச்சியாக வந்து, அதோடு சரம் முடிந்தால், அவற்றைப் பிடி" என்பதுதான் அங்கிருந்த நிபந்தனையின் சாரம். படித்துப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது.

அன்று வந்த பதிவு ஒன்றில், ஒரு வரியில் கிட்டத்தட்ட 20,000 ஸ்பேஸ்கள் தொடர்ச்சியாக இருந்தன. ஆனால் அவற்றோடு சரம் முடியவில்லை. அவற்றுக்குப் பின் வேறு எழுத்து இருந்தது. வினையே அங்கேதான்.

ரெஜெக்ஸ் இயந்திரம் இடமிருந்து வலமாகப் போகிறது. முதல் ஸ்பேஸில் தொடங்கி 20,000-ஐயும் தாண்டிப்போய், "சரம் முடிந்ததா?" என்று பார்க்கிறது. இல்லை. சரி, இங்கே பொருந்தவில்லை என்று திரும்பி வந்து, இரண்டாவது ஸ்பேஸிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. இப்போது 19,999. மறுபடியும் முடிவு இல்லை. பிறகு மூன்றாவதிலிருந்து. ரேஷன் கடை கியூவில் முதல் ஆளிடமிருந்து கடைசி ஆள் வரை நடந்துபோய் "கவுன்ட்டர் இந்தப் பக்கம் இல்லை" என்று தெரிந்துகொண்ட ஒருவர், திரும்பி வந்து இரண்டாவது ஆளிடமிருந்து அதே நடையை ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதுதான். மொத்தமாகக் கூட்டினால் சுமார் 20 கோடி முறை சரிபார்க்க வேண்டியிருந்தது.

200 ஸ்பேஸ் இருந்திருந்தால் கணக்கு 20 ஆயிரத்துச் சொச்சம்தான், யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்பேஸ் 100 மடங்கானால் வேலை 10,000 மடங்காகிறது. சாதாரண டெஸ்டிங்கில் இந்தத் தப்பு ஏன் மாட்டாது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் திறந்திருக்கும். ஆனால் அந்தப் பதிவு முகப்புப் பக்கப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிட்டது. முகப்பை யார் திறந்தாலும் அந்த 20 கோடி கணக்கு ஓடியது. சர்வர்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் லோடு பேலன்ஸரும் அதே முகப்புப் பக்கத்தைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. பதில் வரத் தாமதமானதும் "இந்த சர்வர் அவுட்" என்று ஒவ்வொன்றாக ஓரங்கட்டியது. கடைசியில் முழுத் தளமும் போனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், மாற்றுக் கோடு எழுத 14 நிமிடம், அதை சர்வர்களுக்குக் கொண்டுசேர்க்க 10 நிமிடம். மாற்று என்ன தெரியுமா? ரெஜெக்ஸைத் தூக்கிவிட்டு, சரத்தைத் தேவையான அளவுக்கு வெட்டும் எளிய சப்ஸ்ட்ரிங் முறைக்குப் போனார்கள். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி நடந்து, ஸ்பேஸ் இல்லாத முதல் எழுத்தைப் பார்த்ததும் நிற்பதுதான் இந்த வேலைக்குப் பொருத்தமான வழி. அன்றைய பதிவில் அப்படிப் பார்த்திருந்தால் கடைசி எழுத்திலேயே வேலை முடிந்திருக்கும்.

ரெஜெக்ஸ் இப்படித் திரும்பத் திரும்ப நடந்து சர்வர்களை முடக்கியது அதுவே கடைசி முறையும் அல்ல. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை 27 நிமிடம் முடங்கியதற்கும் வேறொரு ரெஜெக்ஸ்தான் காரணம். கோ மொழியில் உள்ள ரெஜெக்ஸ் நூலகம், சரத்தின் நீளத்துக்கு ஏற்ற அளவில்தான் நேரம் எடுக்கும்படி தொடக்கத்திலிருந்தே வடிவமைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் பின்வாங்கி நடக்காத ரெஜெக்ஸ் வசதி 2022-ல் டாட் நெட் 7-ல் வந்தது.

ஆண்டிபட்டியை 'ஆண' ஆக்கும் பைத்தான்

இனி தமிழுக்கு வரலாம். ஊர்ப்பெயர்களின் கடைசியில் வரும் 'பட்டி'யை மட்டும் நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் வலது ஓரத்தைச் சுத்தம் செய்ய 'ஆர்-ஸ்ட்ரிப்' இருக்கிறது. அதனிடம் 'பட்டி' என்று கொடுத்து 'உசிலம்பட்டி'யை அனுப்பினால் 'உசிலம்' வர வேண்டும் இல்லையா? வருவது 'உசிலம'. புள்ளியைக் காணோம். 'கோவில்பட்டி'யை அனுப்பினால் 'கோவில'. 'ஆண்டிபட்டி'க்கு நடப்பது இன்னும் மோசம். 'ஆண்டி' வர வேண்டிய இடத்தில் வெறும் 'ஆண' வந்து நிற்கும்.

இது பைத்தானின் பக் இல்லை. ஆர்-ஸ்ட்ரிப் நாம் கொடுப்பதை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. ஒரு கூடையாகப் பார்க்கிறது. கூடையில் இருக்கும் எழுத்துகளில் ஏதாவது ஒன்று கடைசியில் நின்றால் எடுத்துவிடும். கூடையில் இல்லாத எழுத்து வரும்வரை எடுத்துக்கொண்டே போகும். யூனிகோடில் 'பட்டி' என்பது ப, ட, புள்ளி, ட, இகரக் கொம்பு என ஐந்து துண்டுகள். உசிலம்பட்டியில் 'பட்டி' போனபிறகு கடைசியில் நிற்பது 'ம்'-இன் புள்ளி. புள்ளி கூடையில் இருக்கிறதே! அதையும் எடுத்துவிட்டது. ஆண்டிபட்டியில் 'டி'யும் போய், 'ண்'-இன் புள்ளியும் போய்விட்டது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் ஃபைல் பெயர்களின் பின்னொட்டை நீக்கப்போய் காலங்காலமாக இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். அந்தக் குழப்பம் ஓயாததால்தான் 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9-ல் 'ரிமூவ்-சஃபிக்ஸ்' என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். அது 'பட்டி' என்று முழுசாக முடிந்தால் மட்டும், ஒரே ஒரு முறை நீக்கும். இல்லாவிட்டால் சரத்தை அப்படியே விட்டுவிடும். பின்னொட்டை நீக்க இன்னமும் ஆர்-ஸ்ட்ரிப்பையே சொல்லித்தரும் பாடங்களைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, பின்னொட்டு வேண்டாம், கடைசி எழுத்து ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்றாலும் தமிழில் 'கடைசி எழுத்து' எது என்ற கேள்வி வரும். 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து? முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது: த, ம, கொம்பு, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால், சேமிக்கும்போது 15 பைட். கடைசி ஒன்றை வெட்டினால் 'தமி' வராது, 'தமிழ' வரும். 'மான்' 'மான' ஆகும். 'தீ'யை வெட்டினால் காலியாகாது, 'த' மிஞ்சும்.

பைட் கணக்கில் வெட்டினால் இன்னும் கோரம். ஒரு பெட்டியில் 50 பைட்தான் இடம் என்று வைத்து அதற்கு மேல் இருப்பதை நறுக்கினால், 16 துண்டுகள் போக மிச்சம் 2 பைட் நிற்கும். மூன்றில் இரண்டு பைட்டை வைத்து எந்த எழுத்தையும் காட்ட முடியாது. பெயரின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அது வருவது இப்படித்தான்.

வழி இல்லாமல் இல்லை. படிப்பவருக்கு ஒரு எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணும் விதிகளை யூனிகோடு அமைப்பே வகுத்திருக்கிறது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி அந்த விதிப்படியே நடக்கும். 'தமிழ்' அங்கே மூன்று எழுத்து, கடைசியை எடுத்தால் 'தமி'. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு 'செக்மென்டர்' என்ற வசதி இருக்கிறது. பைத்தானில் எழுதுபவர்களுக்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நூலகம் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது.

ஒரு சின்னத் தகவல். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை முடக்கிய அந்த ரெஜெக்ஸில் ஸ்பேஸோடு சேர்த்து இன்னொரு குறியும் இருந்தது: 'ஜீரோ விட்த் நான்-ஜாய்னர்'. திரையில் இடமே பிடிக்காத, இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் குறி. 'ரிக்‌ஷா' என்று எழுதும்போது 'க்', 'ஷ' இரண்டும் சேர்ந்து 'க்ஷ' ஆகிவிடாமல் இருக்கத் தமிழில் இதைத்தான் நடுவில் வைக்கிறார்கள். சொல்லின் நடுவில் அது தேவை. கடைசியில் வந்தால் குப்பை. பைத்தானின் ஸ்ட்ரிப் இதை ஸ்பேஸாகவே மதிப்பதில்லை என்பதால் கடைசியில் இருந்தாலும் விட்டுவிடும். அதையும் எடுக்க வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

போடாமலே இருந்தால்?

'சென்னை, மதுரை, திருச்சி,' என்று பட்டியல் தயாரிக்கும்போது ஒவ்வொரு ஊருக்குப் பின்னும் கமா போட்டுக்கொண்டே போய், கடைசிக் கமாவை மட்டும் வெட்டுவது பலரின் பழக்கம். ஊர் எதுவுமே இல்லாத நாளில் பட்டியல் காலியாக இருக்கும். காலிச் சரத்தில் ஜாவா நிரல் கடைசி எழுத்தை வெட்டப் போனால் எரர் அடித்து நின்றுவிடும். அதைவிட, 'ஜாயின்' செய்வது நல்லது. அது இரண்டு ஊர்களுக்கு இடையில் மட்டும் கமா போடும். ஒரே ஊர் இருந்தாலும், ஊரே இல்லாவிட்டாலும் தகராறு இல்லை. கடைசிக் கமாவைப் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஜேசான் பொறுத்துக்கொள்ளாது, ஃபைலையே ஏற்க மறுத்துவிடும்.

எல்லா வாலையும் வெட்டிவிடவும் முடியாது. மார்க்டவுனில் ஒரு வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டால், 'இங்கே வரியை உடை' என்று அர்த்தம். ஃபைலை சேவ் செய்யும்போதெல்லாம் கடைசி ஸ்பேஸ்களைத் தானாக நீக்கும் வசதி பல எடிட்டர்களில் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால், கவிதையோ முகவரியோ வரி வரியாக இருந்தது எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பல புராஜெக்ட்டுகளில் மார்க்டவுன் ஃபைல்களுக்கு மட்டும் அதை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள்.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் நுட்பமானது. மின்னஞ்சல் முகவரியின் கடைசி ஸ்பேஸை நீக்குவதில் யாருக்கும் நஷ்டமில்லை. பாஸ்வேர்டில் ஸ்பேஸும் ஒரு எழுத்துதான். ஒருவர் வேண்டுமென்றே வைத்திருக்கலாம். நீக்குவதா வேண்டாமா என்பதில் டெவலப்பர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. ஆனால் கணக்குத் தொடங்கும் பக்கத்தை எழுதியவர் ஸ்பேஸை நீக்கிவிட்டு சேமித்து, லாக்-இன் பக்கத்தை எழுதிய இன்னொருவர் நீக்காமல் ஒப்பிட்டால், அந்தப் பயனர் தன் பாஸ்வேர்டை எவ்வளவு சரியாக அடித்தாலும் உள்ளே போக முடியாது.